பாட்டைப் போடு

ஏப்ரல் 4

டயர்க் கடையில் அத்தானுக்குக் கொடுத்த டைரி இது. அத்தான் கோமதிநாயகம் எழுதுகிற ஆள் இல்லை. "நீ வச்சுக்கட்டி முப்பிடாதி. வாயைத்தான் திறக்க மாட்டேங்க, இதையாவது திறந்து எழுது" என்று அக்கா ஆவுடை என்னிடம் தந்தாள்.

அம்மா போன பிறகு அக்கா வீட்டில் இருக்கிறேன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. விசைத்தறிகளுக்குத் தார் சுற்றிக் கொடுக்கிறேன். தார் என்றால் தறிக்குள் ஓடும் நூல் சுற்றிய குச்சி. எங்கள் தெருவில் தறி இல்லாத வீடு எங்கள் வீடு மட்டும்தான். தறிகள் ஓட ஆரம்பித்தால் எதிரில் நிற்பவர் பேசுவதை உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எனக்கு அது வசதி. நான் பேசாமல் இருப்பதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்று அத்தான் சவாரி ஓட்டும் சுமோவில் போன் பாட்டு வரவைத்தேன். அது வாங்கும்போதே பழைய வண்டி. கேசட் போடுகிற செட்தான் அதில் இருக்கிறது, போனைச் சேர்க்க இடமே கிடையாது. தேரடியில் கார் செட் கடை வைத்திருக்கும் ஜமால் அண்ணன் ஒரு சாமான் கொடுத்திருந்தார். பார்த்தால் கேசட் மாதிரியே இருக்கும். உள்ளே டேப் இருக்காது, ஓரத்தில் வால் மாதிரி ஒரு வயர் இருக்கும். அந்த வயரைப் போனில் குத்திவிட்டுக் கேசட்டை உள்ளே தள்ளினால் போனில் ஓடுகிற பாட்டு செட்டில் வரும்.

வரவில்லை. செட் அதைத் துப்பிக்கொண்டே இருந்தது. அத்தான் மூன்று தடவை தள்ளிப் பார்த்துவிட்டு செட்டை ஓங்கிக் குத்தினார். அவர் டீக்குப் போன நேரத்தில் நான் அந்தக் கேசட்டைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே ஒரு பல்சக்கரம் சுற்றாமல் மாட்டிக்கொண்டிருந்தது. சக்கரம் நின்றால் கேசட் முடிந்துவிட்டதென்று நினைத்து செட் துப்பிவிடுகிறது. தறிக்குப் போடும் எண்ணெயில் ஒரு சொட்டு விட்டேன். பாடிவிட்டது.

"ஏ ஆவுடை, உன் தங்கச்சி பெரிய இஞ்சினியருட்டி!" என்று அத்தான் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். பின்னால் இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டி வைத்திருக்கிறார். டிக்கிக் கதவைத் திறந்துவிட்டால் தெரு அதிரும். எனக்கு முட்டைப் பரோட்டா வாங்கி வந்தார். வயர் குட்டையாக இருப்பதால் பாட்டு மாற்ற ஒரு ஆள் முன் சீட்டில் உட்கார வேண்டும். அது இனிமேல் என் வேலை. உடைந்த கண்ணாடி போட்ட அவருடைய பழைய போனைப் பாட்டுக்கென்றே என்னிடம் கொடுத்துவிட்டார்.

ஏப்ரல் 9

ஞாயிறு. தறிகளுக்கு லீவு. சாப்பிட்டு முடித்ததும் அத்தான் டிக்கிக் கதவைத் திறந்துவைத்துவிட்டு வந்து "பாட்டைப் போடு" என்றார். போய் முன் சீட்டில் உட்கார்ந்து போட்டேன். மெதுவான பாட்டு வேண்டாமாம். மேளம் விடாமல் அடிக்கிற பாட்டாக இருக்க வேண்டுமாம். கொஞ்ச நேரம் கழித்து வாசலில் வந்து நின்று போதும் என்று கையைக் காட்டினார். பாட்டு பாதியில் இருந்தது.

ஏப்ரல் 10

அக்காவால் இடது கையைத் தூக்க முடியவில்லை. அலமாரிக் கதவு இடித்துவிட்டது. சோறு நான் வடித்தேன்.

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. தண்ணீர் பிடிக்கப் போனபோது எதிர்வீட்டு வேலம்மா மதினி குழாயடியில் இருந்தாள்.

"ஏளா, உங்க வீட்டுப் பாட்டு முக்கு வரைக்கும் கேக்கு. அடுத்த தடவ அம்மன் பாட்டாப் போடு, புண்ணியமாப் போவும்."

நான் குடத்தைப் பார்த்தேன். அவளும் தன் குடத்தைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"பாட்டு ஓடுனா எங்களுக்கு வேற ஒண்ணும் கேக்காது பாத்துக்க. கதவ அடைச்சிக்கிடுவோம். கேட்டாத்தான வரணும்."

குடம் நிரம்பி வழிந்தது. எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மத்தியானம் பாயசம் வைத்தோம்.

ஏப்ரல் 18

மாதம் ஒரு செவ்வாய் கரண்டு ஆபீசில் பராமரிப்பு என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்டை நிறுத்திவிடுவார்கள். இன்று அந்த நாள். தறி இல்லை, ஃபேன் இல்லை, டி.வி. இல்லை. தெருவே வீட்டு நிழலில் வந்து உட்கார்ந்திருந்தது. காக்கா ஓட்டில் நடப்பதுகூடக் கேட்டது.

அத்தானுக்குக் குற்றாலம் சவாரி ஒன்று தவறிவிட்டது. நேற்று சவாரிக்காரர் வீட்டு நம்பருக்குக் கூப்பிட்டிருக்கிறார். தறிச் சத்தத்தில் அக்காவுக்குக் கேட்கவில்லை. தறி ஓடும் நாளாக இருந்திருந்தால் அத்தானுக்குப் பாட்டு தேவைப்பட்டிருக்காது. இன்று தேவைப்பட்டது.

டிக்கியைத் திறந்துவைத்துவிட்டு, "பாட்டைப் போடுட்டி" என்று சொல்லி உள்ளே போனார். எதிர்வரிசையில் எல்லோரும் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள். வேலம்மா மதினி கடைசியாகப் போனாள்.

வெயிலில் வண்டி அடுப்பு மாதிரி இருந்தது. இரண்டாவது பாட்டில் செட் கேசட்டைத் துப்பிவிட்டது. பாட்டு நின்ற அந்த நேரத்தில் வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. ஈரச் சேலையைக் கல்லில் அறைகிற மாதிரி. திரும்பவும் அதே மாதிரி. வண்டியிலிருந்து கழற்றிய பழைய ஃபேன் பெல்ட் ஒன்று எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும்.

கேசட்டை உள்ளே தள்ளினேன். மறுபடி துப்பியது. தள்ளிக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அழுத்திப் பிடித்திருக்கும்வரை பாடியது. அத்தான் வந்து கையைக் காட்டும்வரை பிடித்திருந்தேன்.

ஏப்ரல் 19

அக்காவின் முதுகில் தேங்காய் எண்ணெய் தடவினேன். பெல்ட்டின் பல் ஒவ்வொன்றும் பதிந்திருக்கிறது, டயர் போன தடம் மாதிரி. இரண்டு இடத்தில் தோல் இல்லை. எண்ணெய் பட்டதும் தலையணையைக் கடித்தாள். பிறகு முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்.

"மூணு மாசம்ட்டி. முழுகாம இருக்கேன். அவுககிட்ட இன்னும் சொல்லல."

போன வருஷமும் இப்படி இருந்தாள். ஐந்தாம் மாதத்தில் போய்விட்டது. குளியலறையில் வழுக்கி விழுந்தாள் என்று ஆஸ்பத்திரியில் எழுதியிருக்கிறது. நர்ஸ் என்னிடம் கேட்டபோது நானும் தலையை ஆட்டினேன்.

"இந்தப் பிள்ளையாவது தங்கணும் முப்பி" என்றாள் அக்கா. "முதுகுல விழுந்தா விழுந்துட்டுப் போவுது. வயித்த நான் பாத்துக்கிடுதேன்."

மே 1

அத்தானுக்குத் தெரிந்துவிட்டது. சந்தோஷம். ஒரு கூடை மாம்பழம் வாங்கி வந்தார். "பையன் பொறந்தா வண்டிக்கு அவன் பேருதான்" என்று சொல்லி அக்காவின் வாயில் ஒரு துண்டு ஊட்டினார். அக்கா சிரித்தாள். முன்பல் ஒன்று உடைந்திருப்பதால் கையால் மறைத்துக்கொண்டு சிரிக்கிறாள். எனக்கும் ஒரு பழம்.

மே 7

ஞாயிறு. பாட்டு.

மே 10

வெயிலில் அந்தக் கேசட் சாமான் வளைந்துவிட்டது. செட்டுக்குள் சிக்கிக்கொண்டது. கத்தியை விட்டு நெம்பி எடுத்தேன். இரண்டாக வந்தது. அத்தான் என் தலைமுடியைப் பிடித்து நெற்றியை டேஷ்போர்டில் இடித்தார். "செத்த மூதி, இருந்த ஒண்ணையும் கெடுத்திட்டியே." இடித்துவிட்டு அவரே துண்டை எடுத்து ரத்தத்தைத் துடைத்தார். "தண்ணிய வச்சுக் கழுவு. யாரும் கேட்டா டிக்கி இடிச்சிருச்சின்னு சொல்லு."

யாரும் கேட்கவில்லை.

மே 12

அத்தான் என்னை ஜமால் அண்ணன் கடைக்கு அனுப்பினார். அண்ணன் என் நெற்றியைப் பார்த்தார், வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். உடைந்த கேசட்டை மேஜையில் வைத்தேன். அவர் கட்டைவிரல் அளவில் கறுப்புச் சாமான் ஒன்றை எடுத்தார்.

"இது இனி ஆவாதும்மா. இந்தா, இதக் கொண்டு போ. சிகரெட் பத்த வைக்க ஒரு ஓட்டை இருக்கும் பாத்தியா, அதுல குத்து. செட்டுல எஃப்.எம். வை. எந்த ஸ்டேஷனும் வராத நம்பரா ஒண்ணப் பாத்து, இதுலயும் அதே நம்பர வை. போன்ல புளூடூத்தப் போட்டா முடிஞ்சிது சோலி. வயரே கிடையாது. வீட்டுக்குள்ள உக்காந்தே பாட்டு மாத்தலாம்."

நான் போகாமல் நின்றேன். கேட்க ஒன்று இருந்தது. அவர் பொறுமையாகக் காத்திருந்தார்.

"வண்டிய அணைச்சா?" என்றேன்.

"ஏ, பேசிட்டியே!" என்று சிரித்தார். "அணைச்சா நின்னுரும். மறுபடி சாவியத் திருப்புனதும் அதுவே போனத் தேடிப் புடிச்சிக்கிடும். விட்ட இடத்துலேருந்து பாடும். மறக்கவே மறக்காது."

மே 13

பொருத்திவிட்டேன். எல்லா நம்பரிலும் திருநெல்வேலி ஸ்டேஷன்களோ இரைச்சலோ வந்தது. கடைசியில் ஓரமாக ஒரு நம்பரில் ஒன்றுமே இல்லை. அதில் வைத்தேன். போனை அடுக்களை வரை கொண்டுபோய்ப் பார்த்தேன். அறுபடவே இல்லை. அத்தான் கட்டிலில் படுத்துக்கொண்டே பாட்டு மாற்றிப் பார்த்துக் குழந்தை மாதிரி சிரித்தார்.

இனி நான் வண்டியில் போய் உட்கார வேண்டியதில்லை.

மே 14

ஞாயிறு. பாட்டு. இன்று நான் வீட்டுக்குள் இருந்தேன்.

அக்கா தலையில் அடி விழாமல் இருக்கக் கையை வைக்க மாட்டாள் என்று எனக்கு இதுவரை தெரியாது. இரண்டு கையையும் வயிற்றில் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துவிடுகிறாள். தலை வெறுமனே இருக்கிறது. அத்தான் பெல்ட்டை இரண்டாக மடித்துக்கொண்டு அடிக்கிறார். நடுவில் நின்று மூச்சு வாங்குகிறார். வேர்வையைத் துடைத்துக்கொள்கிறார். அக்காவின் காதிலிருந்து ரத்தம் கம்மல் வழியாக இறங்கி ரவிக்கையில் சொட்டியது. அவள் கத்துவது வாய் அசைவில்தான் தெரிந்தது. தறி முன்னால் நிற்பவர்களைப் பார்ப்பது போல நான் அவள் உதட்டைப் பார்த்தேன். "பிள்ளை, பிள்ளை" என்றுதான் இருந்தது.

அத்தான் திரும்பி என்னைப் பார்த்தார். சத்தத்தைக் கூட்டு என்று விரலைச் சுழற்றிக் காட்டினார்.

கூட்டினேன்.

மே 15

தார் சுற்றினேன். நூல் அறுந்துகொண்டே இருந்தது.

மே 22

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிறுக்கின மாதிரி இருக்கிறது. வலது கையில் மூன்று விரலுக்கு மாவுக்கட்டு. நடந்ததை எழுதிவிட வேண்டும்.

16ஆம் தேதி செவ்வாய், மறுபடியும் கரண்டு நிறுத்தும் நாள். அத்தான் சவாரிக்குப் போயிருந்த நேரத்தில் அக்கா சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பேர் பதிந்துவிட்டு வந்திருந்தாள். நர்ஸ் அக்காவின் முதுகைப் பார்த்துவிட்டுப் புருஷனை அழைத்து வரச்சொன்னாளாம். அக்கா சரியென்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். நர்ஸ் விடவில்லை. அத்தானின் நம்பருக்குக் கூப்பிட்டுவிட்டாள்.

அத்தான் வண்டியை நிறுத்தி, இஞ்சினை மட்டும் அணைத்துச் சாவியை எடுக்காமல் விட்டுவிட்டு டிக்கியைத் திறந்தார். தெரு நிழலில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். கதவுகள் சாத்துகிற சத்தம் வரிசையாக வந்தது. உள்ளே வந்து போனை என் கையில் வைத்தார். மெதுவாகத்தான் சொன்னார். "பாட்டைப் போடு."

போட்டேன். மேளம் தொடங்கியது.

"எவளைக் கேட்டுட்டி முதுகத் திறந்து காட்டுன?" இது மட்டும்தான் எனக்குக் கேட்டது. அக்கா ஆட்டுரலுக்கும் சுவருக்கும் நடுவில் போய் நுழைந்துகொண்டாள். முதுகு மட்டும் வெளியே இருந்தது. அத்தான் பெல்ட்டால் நாலைந்து அடி அடித்தார். பிறகு அவள் முடியைப் பிடித்து இழுத்துத் திருப்பப் பார்த்தார். அவள் உரலைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். இழுக்க இழுக்கக் கொத்தாக முடி கையோடு வந்தது. அவள் விடவில்லை. பெல்ட்டைக் கீழே போட்டுவிட்டு மூலைக்குப் போனார். மூலையில் ஜாக்கி போடும் இரும்பு லிவர் சாய்த்து வைத்திருக்கும்.

அதை எடுத்தார். முதல் அடி உரலில் பட்டுப் பொறி பறந்தது. இரண்டாவது அடி அக்காவின் தோளில் விழுந்தது. அவள் கை உரலிலிருந்து நழுவியது. அவள் மல்லாந்து விழுந்தாள். வயிறு மேலே வந்துவிட்டது.

நான் பாட்டை நிறுத்தினேன்.

அந்த நம்பரில் ஒன்றுமே இல்லை என்று எழுதியிருந்தேன் அல்லவா? அப்படித்தான் இருந்தது. தெரு முழுக்க ஒன்றுமே இல்லை. அத்தான் லிவரை ஓங்கியபடி நின்றார். அக்காவின் குரல் தனியாக வெளியே போனது. "கொல்லாதீக! பிள்ளைய விட்டுருங்க! ஐயோ, பிள்ளைய விட்டுருங்க!" அந்தக் குரலை நானே அன்றுதான் முழுதாகக் கேட்டேன்.

"ஏட்டி! பாட்டைப் போடுட்டி!" என்று அத்தான் கத்தினார். தெருக்கோடி வரை அது போயிருக்கும். கத்திய பிறகுதான் அவருக்கே உறைத்தது. வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"மாட்டேன்" என்றேன். சத்தமாக வந்துவிட்டது.

லிவரை என் கையில் இறக்கினார். போன் கீழே விழுந்தது. விரல்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. வலி பிறகுதான் வந்தது. குனிந்து போனை எடுக்கப் போனவரின் முதுகில் நான் விழுந்து தோளைக் கடித்தேன். சட்டையோடு சேர்த்துக் கடித்தேன். உப்பாக இருந்தது. உதறினார். நான் சுவரில் போய் மோதினேன். மறுபடி லிவரை ஓங்கினார். அப்போது கதவு திறந்தது.

முதலில் வந்தது வேலம்மா மதினி. கையில், தறியில் தார் வைத்த நாடாவைத் தள்ளும் கட்டை. அத்தானின் முழங்காலில் ஒரு போடு போட்டாள். பின்னாலேயே அவள் வீட்டுக்காரர், நெசவு பார்க்கும் ஆட்கள், பெண்கள். "கேக்குலே, கேக்குலே, எல்லாம் கேக்குலே, படுபாவி!" என்று மதினி அடித்துக்கொண்டே இருந்தாள். அத்தானை இழுத்துக்கொண்டுபோய்த் தெருவில் போட்டார்கள். மிதித்தார்கள். ஒருவர் சுமோவிலிருந்து கயிறு எடுத்து வந்து கம்பத்தில் கட்டினார். அத்தான் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "முப்பிடாதி, சொல்லுட்டி, விடச் சொல்லுட்டி." மூக்கிலிருந்து ரத்தம் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. போலீஸ் வரும்வரை அடித்தார்கள்.

நான் அக்காவின் தலையை மடியில் வைத்திருந்தேன்.

மே 24

அக்காவுக்குத் தோள் எலும்பு விரிசல், காதில் தையல். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே டாக்டரம்மா வயிற்றில் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார். எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டார். அக்கா வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன். "விழல. எங்க அத்தான் அடிச்சாரு. போன வருஷமும் அடிச்சாரு." நர்ஸ் எழுதிக்கொண்டாள். அத்தான் ரிமாண்டில் இருக்கிறார்.

வேலம்மா மதினி கஞ்சி கொண்டுவந்தாள். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து முந்தானையைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்குத்தாம்ளா கேட்டிச்சு" என்றாள். யாரும் அவளைக் கேட்கவில்லை.

எனக்கும் அப்படித்தான் என்று சொல்ல வாய் வந்தது. கஞ்சி சூடாக இருந்தது. ஊதிக் குடித்தேன்.

ஜூன் 4

ஞாயிறு. வீட்டுக்கு வந்துவிட்டோம். சுமோ அன்று நின்ற இடத்திலேயே நிற்கிறது. போலீஸ்காரர் சாவியை எடுத்ததோடு சரி. டிக்கிக் கதவு திறந்தபடியே கிடந்து ஸ்பீக்கர் பெட்டியில் தூசி படிந்திருக்கிறது.

மத்தியானம் அத்தானின் அண்ணன் புளியங்குடியிலிருந்து வண்டியை எடுக்க வந்தார். கையில் மாற்றுச் சாவி இருந்தது. வாசலில் நின்று, "குடும்பம்னா நாலும் இருக்கும். தெருவக் கூட்டியா புருஷன அடிப்பாக?" என்று அக்காவிடம் கேட்டார். "வெளிய வரட்டும், பேசிக்கிடுவோம்." அக்கா கட்டுப்போட்ட தோளோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து உள்ளே போகவில்லை.

அவர் வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினார்.

நான் மறந்திருந்தேன். கண்ணாடி நொறுங்கிய அந்தப் போன் ஜன்னலில் சார்ஜில் கிடந்தது. வண்டி அதைத் தேடிப் பிடித்துக்கொண்டது. நான் நிறுத்திய இடத்திலிருந்து, மேளத்தின் பாதியிலிருந்து, அன்று வைத்த சத்தத்திலேயே பாட்டு வெடித்தது.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. வேலம்மா மதினி சோற்றுக் கையோடு வந்தாள், மறு கையில் கட்டை. அவள் வீட்டுக்காரர் முகத்தில் பாதி சோப்பு நுரையோடு ஓடி வந்தார். அடுத்த வீட்டுக் கதவு திறந்தது. அதற்கடுத்தது. முக்கு வீடு வரை ஒவ்வொன்றாகத் திறந்து எல்லோரும் தெருவுக்கு வந்துவிட்டார்கள். சுமோவைச் சுற்றி நின்றார்கள். அத்தானின் அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, செட்டில் எதை அமுக்குவது என்று தெரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "என்ன? என்ன, ஏன் வாறிய?" என்று அவர் கேட்பது உதட்டில் தெரிந்தது.

அக்கா என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். பல்லை மறைக்க மறந்துவிட்டாள்.

"நிப்பாட்டுட்டி" என்று என் காதில் கத்தினாள். "பாதிச் சோத்துல எந்திரிச்சு வந்திருக்காவ."

இடது கையால் போனை எடுத்து நிறுத்தினேன். நிறுத்திய பிறகும் யாரும் வீட்டுக்குள் போகவில்லை. கேட்டுக்கொண்டு நின்றார்கள்.